நாலாம் நாள் பால்

அண்ணா, இதை நீ மட்டும் படி. அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதை முழுதும் படித்த பிறகு நீயே யோசித்துக்கொள்.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் உன் கல்யாணத்தில் இணைச்சீர். பக்கத்தில் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டும். உனக்கு இருப்பது நான் ஒருத்திதான். நான் வந்து நிற்பேனா, நம் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இது. விரலால் அடித்தால் பாதியில் அழித்துவிடுகிறேன். அதனால் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. நீளமாகப் போனால் திட்டாதே.

போன வருஷம் மே மாதம் நான் அயர்லாந்துக்குப் போய் இறங்கிய வாரத்திலேயே பண்ணையில் மாடுகளுக்கு மாத்திரை போட்டார்கள். பண்ணைக்காரி பிரீடாவுக்கு அறுபது வயது இருக்கும், தனி ஆள், நூற்று இருபது கறவை. வேலைக்கு நானும் பேச்சிமுத்து அண்ணனும். அவர் கடையம் பக்கம். நாலு வருஷமாக அங்கே இருந்தவர். ஊரில் மனைவி செண்பகமும் இரண்டு பிள்ளைகளும். மாட்டு டாக்டர் ஓர்லா என்று ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். விரல் நீள மாத்திரையைக் குழாயில் வைத்து ஒவ்வொரு மாட்டின் தொண்டைக்குள்ளும் தள்ளினாள். நான் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இது வயித்துல ஒரு வருஷம் தங்கும். ஈத் தொல்லை இருக்காது" என்றாள்.

"ஈ செத்துப்போகுமா?" என்று கேட்டேன்.

"இல்ல. அதுதான் இதுல அழகு. எதையும் கொல்லாது. சாணில பொறக்குற ஈ மறுபடியும் மாட்டைத் தேடி வராது, அவ்வளவுதான். திரும்பி வர்றதுக்குன்னு தலைக்குள்ள ஒரு முடிச்சு இருக்கு. அது மட்டும் அவிழ்ந்துடும். விஷமில்லாததால சுலபமா அனுமதி கெடச்சிருச்சு."

பேச்சிமுத்து அண்ணனுக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் கேள்வி சரியாகக் கேட்பார். "அப்பம் அந்த ஈ எங்க போவும்னு கேளு தாரணி."

கேட்டேன். ஓர்லா சிரித்தாள். "போயிட்டே இருக்கும்."

அந்தக் கோடையில் மாடுகளின் வால் ஆடவே இல்லை. நம் மாட்டுக் கட்டுத்தரையில் எப்போதாவது அப்படிப் பார்த்திருக்கிறாயா? நூற்று இருபது மாடு மேய்ச்சல் காட்டில் நிற்கிறது, ஒரு வால்கூட அசையவில்லை. கண்ணோரத்தில் ஒரு ஈ இல்லை. பிரீடா பக்கத்துப் பண்ணைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினாள். அவர்களும் அதே மாத்திரையைப் போட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வால்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. படத்தில் இருக்கிற மாடுகள் மாதிரி இருந்தன.

அந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். மதியம் போன் போட்டு அழுவேன். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அழுவாத சாமி, பிடிக்கலீன்னா வந்துரு கண்ணு" என்பாள். நீ அதட்டுவாய். சாப்பிட உட்கார்ந்தால் நம் தோட்டத்துக் கிணற்று மோட்டார் சத்தம் காதில் கேட்கும். பால் கறக்கும்போது வாசல் வேப்பமரம் ஞாபகத்துக்கு வந்து, கை அப்படியே நின்றுவிடும். நான் அங்கே காலூன்றிவிட்டால் மாவிளக்கு எடுப்பதாக அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் மாடுகள் கன்று போட ஆரம்பித்தன. அங்கே எல்லா மாடும் ஒரே சமயத்தில் ஈனும். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. கன்று போட்ட மூன்று நாள் பாலைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. கன்றுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைக் கொட்டகைப் பூனைகளின் தட்டில் ஊற்றுவோம். அதற்கும் மிஞ்சியதைச் சாக்கடையில்தான் கொட்ட வேண்டும்.

மஞ்சள் மஞ்சேலென்று சீம்பால், வாளி வாளியாக. பேச்சிமுத்து அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, அமிர்தத்தச் சாக்கடைல கொட்டிட்டு இவுக தண்ணிப்பாலக் குடிக்காக பாத்தியா? வெல்லம் இருக்கா ஒங்கிட்ட?"

"நாட்டுச்சர்க்கரை இருக்குதுங்கண்ணா. ஏலக்காயும் இருக்குது."

"அப்பம் என்னத்துக்கு நிக்க? அடுப்பப் பத்த வையி."

நான்தான் செய்தேன், அண்ணா. அவர் கேட்டார், நான் செய்தேன். ஆவியில் வேகவைத்து, கட்டியாக, கத்தியால் துண்டு போடுகிற மாதிரி. ஒரு மாதத்துக்கு மேல் தினமும் செய்தேன். அவர் மூன்று கிண்ணம் சாப்பிடுவார், நான் ஒன்று. பிரீடா ஒரே ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டி கோச்சுக்கப் போகுது" என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள்.

மார்ச் கடைசியில் பூனைகள் போக ஆரம்பித்தன.

கொட்டகையில் எட்டுப் பூனைகள். எல்லாம் அங்கேயே பிறந்தவை. மதியம் வைக்கோல் கட்டுகளின் மேல் சுருண்டு கிடக்கும். ஒருநாள் வைக்கோல் மேல் ஒன்றுகூட இல்லை. தேடிப் போனால் மேய்ச்சல் காட்டின் நடுவில் தூறலில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று நாற்பது ஐம்பது அடி தள்ளி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டு. பூனை மழையில் உட்காருமா? கூப்பிட்டால் வருகிறது, மடியில் வைத்தால் குர்ரென்று முனகுகிறது, பிரீடாவின் கழுத்தில் முகத்தைத் தேய்க்கிறது. அவளை நன்றாகத் தெரிகிறது. தூக்கிவந்து கொட்டகையில் விட்டால், யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்த மாதிரி ஓரமாக நடந்து, மோந்து பார்த்து, மரியாதையாக வெளியே போய்விடுகிறது.

பிரீடா வெண்ணெய் எடுத்துவந்தாள். புதிதாகக் கொண்டுவந்த பூனை வீட்டில் தங்க வேண்டுமென்றால் அதன் பாதத்தில் வெண்ணெய் தடவுவார்களாம். நக்கி முடிப்பதற்குள் அந்த இடம் அதன் இடமாகிவிடுமாம். எட்டுப் பூனைக்கும் முப்பத்திரண்டு பாதத்திலும் தடவினாள்.

"பூனைக்கு நெய்த்தோசை சுடுதா ஒங்க மொதலாளியம்மா" என்றார் பேச்சிமுத்து அண்ணன்.

பூனைகள் பொறுமையாக நக்கி முடித்தன. எழுந்தன. போய்விட்டன.

சும்மா போகவில்லை. ஒரு வாரத்தில் வேறு பூனைகள் வந்தன. பக்கத்துப் பண்ணைகளில் இருந்தவை. இரண்டு நாள் இருந்துவிட்டு அவையும் போயின. வேறு வந்தன. கடைக்குப் போகிற வழியெல்லாம் ரோட்டோரம் பூனைகள் நடந்துகொண்டிருந்தன. எதற்கும் அவசரமில்லை. பிரீடா காரை நிறுத்தி ஒவ்வொன்றின் முகத்தையும் பார்ப்பாள். "இது என்னுது இல்ல" என்பாள். மறுபடி வண்டியை எடுப்பாள்.

ஏப்ரல் வந்தது. கொட்டகை உத்தரத்தில் மண்ணால் கட்டிய பதினோரு கூடுகள் உண்டு. வால் இரண்டாகப் பிளந்த சின்னக் குருவி, தகைவிலான். ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து கடலெல்லாம் தாண்டி, போன வருஷம் விட்டுப்போன அதே கூட்டுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரம் வந்துவிடுமாம். பிரீடா கொட்டகைக் கதவின் மேல்பாதியைத் திறந்து வைத்தாள்.

"அம்புட்டு தூரத்துலேருந்து இதே உத்தரத்துக்கு வருதா? நான் போன தடவை ஊருக்குப் போகையில சென்னைல எறங்கி எக்மோருக்கு வழி தெரியாம முழிச்சேன்" என்றார் பேச்சிமுத்து அண்ணன்.

மே பிறந்தும் ஒரு குருவி வரவில்லை. ஈ பிடிக்கிற வாலாட்டிக் குருவிகளும் இல்லை. கறவை எந்திரத்தை நிறுத்தினால் கொட்டகையில் எங்கள் மூச்சுதான் கேட்கும். பிரீடா திறந்த கதவை மூடவில்லை. தினமும் ஏணி போட்டு ஏறி, காலிக் கூடுகளில் விரலை விட்டுப் பார்த்தாள்.

புது மாத்திரை போட ஓர்லா வந்தபோது பிரீடா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"குருவிங்க போன கோடை முழுக்க அந்த ஈயத்தான் தின்னுச்சு. எனக்குப் படிப்பு இல்ல. ஆனா எண்ணத் தெரியும். பதினோரு கூடு."

ஓர்லா முகத்தைத் தடவிக்கொண்டாள். "எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு பிரீடா. இந்த ஜில்லா முழுக்க இப்படித்தான். நான் மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

"பூனைங்க ஈ தின்னலையே?"

"பால் குடிச்சிருக்கும். முதல் மூணு நாள் பால். மாட்டு உடம்புல இருக்குறதெல்லாம் அதுலதான் கெட்டியா இறங்கும்."

நான் கன்றுகளுக்குப் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். "டாக்டர், பால்ல பரிசோதனை பண்ணலையா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"பண்ணாங்களே. சுத்தமா எதுவும் இல்ல. ஆனா நாலாம் நாள் பாலிலிருந்துதான் பார்த்தாங்க. அதுதான் விற்பனைக்குப் போறது. அதுக்கு முன்னால உள்ளதை மனுஷங்க யாரு குடிக்கப் போறா?"

பேச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுதா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. பூனையைப் பத்தி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். உடம்பில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்று பயந்தேன். உன் கல்யாணத்துக்கு விடுமுறை கிடைக்காமல் போகுமோ என்று பயந்தேன். அவரும் நானும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்தேன். எனக்குப் பசி இருந்தது, தூக்கம் இருந்தது, வழி மறக்கவில்லை, பேர் மறக்கவில்லை. அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜூனில் அவர் லீவில் ஊருக்குப் போனார். பிள்ளைகளுக்குச் சாக்லேட், செண்பகம் அக்காவுக்கு ஒரு கம்பளிச் சட்டை. "கடையத்துல கம்பளி எதுக்குங்கண்ணா?" என்று கேட்டேன். "போட்டுக்கிட்டு ஏ.சி. பஸ்ல போவட்டும்" என்றார். போய் ஐந்தாம் நாள் செண்பகம் அக்கா போன் செய்தார். என்னிடம் தனியாக அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"தாரணி, அங்க ஒங்க அண்ணனுக்கு என்னமும் ஆச்சாம்மா? மறைக்காம சொல்லு."

"ஏனுங்கக்கா, என்ன ஆச்சு?"

"ஆட்டோவ விட்டு எறங்கி வீட்டு முன்னால வந்து நின்னாரு. பிள்ளைகளக் கொஞ்சுனாரு. எல்லாம் நல்லாத்தான் இருந்தாரு. உள்ள வாங்கன்னேன். சுத்திமுத்திப் பாத்துட்டு எங்கிட்ட கேக்காரு, 'செண்பகம், நீ ஏன் இங்க வந்து நிக்க? யாரு வீடு இது? வா, நம்ம வீட்டுக்குப் போவோம்'னு. நான் வெளாட்டுன்னு நெனச்சிச் சிரிச்சேன். அவரு சிரிக்கல."

"அப்புறம்?" என்றேன்.

"கதவு நம்பரக் காட்டுனேன். அவரு கையால வச்ச முருங்கையக் காட்டுனேன். 'ஆமா, எல்லாம் சரியாத்தான் இருக்கு'ங்காரு. ஆனா திண்ணமாச் சொல்லுதாரு, இது இல்லன்னு. விருந்தாளி மாதி செருப்ப ஓரமாக் கழட்டிப் போட்டு உக்காந்து காபி குடிக்காரு. பொழுதானா எந்திரிக்காரு. தெனமும் சின்னவளக் கையில பிடிச்சிக்கிட்டு ரோட்டோட நடக்காரு. நேத்து தென்காசி பஸ் ஸ்டாண்டுல இருந்தாரு. எங்க போறீகன்னு கண்டக்டர் கேட்டதுக்கு, வீட்டுக்குன்னு சொல்லிருக்காரு. எந்த ஊருன்னா, போயிப் பாத்தாத் தெரியும்னாராம்."

அன்று மத்தியானமே ஓர்லாவின் ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சீம்பால், நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய், அவருக்கு மூன்று கிண்ணம், எனக்கு ஒன்று. அவள் எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் பேனாவை வைத்துவிட்டாள்.

"எங்க யாருக்குமே இது தோணலையே" என்றாள். "உனக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

"வீட்டு நினைப்பு?"

"முன்னாடி ரொம்ப இருந்துச்சு. தினமும் அழுவேன். இப்ப அதெல்லாம் இல்ல. பழகிட்டேன்."

"எப்பயிலிருந்து?"

மார்ச், அண்ணா. மார்ச் மாதத்திலிருந்து. நான் அழுகையை நிறுத்திவிட்டேன் என்று அம்மா பச்சரிசி இடித்து மாவிளக்கு எடுத்தாளே, அந்த மாதம். நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நீ எல்லோரிடமும் சொன்னாயே. எனக்கும் பெருமையாக இருந்தது. ஓர்லா கேட்டபிறகு அங்கேயே உட்கார்ந்து வேப்பமரத்தை நினைத்துப் பார்த்தேன். இலை, நிழல், அடியில் கிடக்கும் உரல், எல்லாம் வந்தன. யாரோ ஒருத்தர் வீட்டு மரம்.

"சரியாகுமா?"

"பூனைங்களுக்கு இன்னும் சரியாகல" என்றாள். பிறகு அவசரமாக, "நீ பூனை இல்ல. நீ சாப்பிட்டதும் கம்மி" என்றாள். மாத்திரையை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அறிக்கையில் எங்களையும் சேர்த்திருக்கிறாள். இரண்டு பேர், பெயரில்லாமல்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் நீ என்னை மன்னிக்க வேண்டும்.

இருபதாம் தேதி கோயமுத்தூரில் இறங்குவேன் என்று சொல்லியிருந்தேன். அது பொய். நான் வந்து மூன்று நாளாகிறது. தாராபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் லாட்ஜில் இருக்கிறேன். பேச்சிமுத்து அண்ணனுக்கு ஆனது போல் எனக்கும் ஆகுமென்றால், அது பந்தல் போட்ட வாசலில் சொந்தபந்தமெல்லாம் பார்க்க ஆகக்கூடாது என்று நினைத்தேன். முதலில் யாருக்கும் தெரியாமல் ஒருதரம் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, லாட்ஜில் கணக்கு எழுதுகிற அக்காவின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். தலையில் முகம் மூடும் ஹெல்மெட். வழி மறக்கவில்லை. வாய்க்கால் பாலம், ரேஷன் கடை, நம் தோட்டத்து இட்டேரிப் பாதை எல்லாம் தெரிந்தது. நீ வெள்ளையடித்திருக்கிறாய், நீல விளிம்பு வைத்து. நன்றாக இருக்கிறது. வாசலில் வண்டியை நிறுத்தினேன். நெஞ்சு ஒரு அடி கூடுதலாக அடிக்கும் என்று காத்திருந்தேன். விலாசம் விசாரிக்க நிறுத்திய வண்டி மாதிரிதான் இருந்தது.

டைகர் ஓடிவந்தான். குரைக்கவில்லை. என் காலை மோந்து பார்த்து முனகினான். அம்மா கையில் மாவோடு வெளியே வந்தாள். இளைத்திருக்கிறாள், அண்ணா. அம்மாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதில் எந்தக் குறையும் இல்லை, நம்பு. என் அம்மாதான்.

"யாருங்க அம்முணி? யாரைப் பாக்கோணும்? நாய் ஒண்ணும் பண்ணாதுங்க, உள்ள வாங்க" என்றாள்.

என் வாயில் என்ன வார்த்தை வந்தது தெரியுமா? 'நீ ஏம்மா இங்க நிக்கற? வா, நம்மூட்டுக்குப் போலாம்.' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

"தப்பா வந்துட்டனுங்க" என்றேன்.

நடிப்பு என்று நினைக்காதே. அதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்ன நிம்மதி. வண்டியைத் திருப்பினேன். இட்டேரி முனையில் கண்ணாடியில் பார்த்தேன். மாவுக் கையைத் துடைக்காமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். டைகர் கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவந்தான்.

சாயங்காலம் அவள் எனக்கு வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்பியிருக்கிறாள். "எங்க இருக்கற கண்ணு?" என்று மட்டும். இன்னும் பதில் சொல்லவில்லை.

நிறைய யோசித்துவிட்டேன், அண்ணா. என்னை வீட்டுக்குக் கூப்பிடாதே. கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் விருந்தாளி மாதிரிதான் உட்காருவேன். அதை அம்மா பார்க்கக்கூடாது. பேச்சிமுத்து அண்ணன் மாதிரி ரோட்டில் நடக்க ஆரம்பிப்பேனா என்று தெரியவில்லை. இன்றுவரை ஆரம்பிக்கவில்லை. மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் சும்மா நின்றேன், அவ்வளவுதான்.

ஆனால் உனக்குத் தங்கை இருக்கிறாள். உன் முகமும், நீ என்னை அதட்டுகிற குரலும் அப்படியே இருக்கின்றன. இருபத்துமூன்றாம் தேதி நேராக மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன். அங்கேயே குளித்து, அங்கேயே சேலை கட்டி, உன் பக்கத்தில் நிற்கிறேன். பிளைட் தாமதம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடு. என்னைப் பார்த்து யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. கல்யாண மண்டபம் யாருக்கும் வீடு இல்லை, அண்ணா. அங்கே எல்லோரும் வந்தவர்கள்தான்.